வலப்பக்கக் கதிரை

இரத்மலானை,
20.01.1967

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வராத தம்பி எழுதுறன். கோவத்தைக் கொஞ்சம் ஒருபக்கம் வச்சிட்டு வாசியுங்க. எனக்கு ஒரு குறையுமில்லை, இருமலும் விட்டுட்டுது. நீங்க, மச்சான், மகள் றம்லா எல்லாரும் சுகம்தானே? மச்சானுக்கு முதுகு நோ எப்படி?

விசயத்துக்கு வாறன். பிளேன் ஓட்டுற லைசன்ஸ் எடுத்து ஒண்டரை வருசமாச்சு. இன்னும் இந்தப் பறப்புக் கழகத்துக் கந்தோரில குந்திக்கொண்டு, மற்றவன் பறந்த மணித்தியாலத்தை எழுதிக்கொண்டிருக்கிறன். பிளேன் கொம்பனிக்காரர் வருசத்துக்கு ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேரை எடுப்பாங்க. அந்த வரிசையில நிண்டா எனக்குத் தாடி நரைச்சிடும். ஆனா இங்க பறக்கப் பழக்குற பாக்கியரத்தினம் ஐயா அடுத்த வருசம் ஜூன் மாதத்தோட ஓய்வெடுக்கிறார். அதுக்குள்ள நான் பயிற்றுநர் பரீட்சை பாஸ் பண்ணினா அந்த இடம் எனக்குத்தான் எண்டு கழகத்துச் செயலாளர் வாய்விட்டே சொல்லிட்டார்.

எனக்கு இது வேணும் ராத்தா. கொம்பனிப் பிளேனைவிட இது வேணும். பயந்த முகத்தோட வந்து ஏறுற பிள்ளை, ரெண்டு மூண்டு மாதத்தில தனியாப் பறந்திட்டு இறங்கும். அந்த நேரம் அதுட முகத்தைக் கந்தோர் யன்னலால பாத்துப் பாத்து எனக்கு ஆசை பிடிச்சிட்டுது.

பயிற்சிக்கு மூண்டு வழி இருக்கு. இங்கிலாந்தில ஆறு கிழமை. மதராசில நாலு மாதம். இல்லாட்டி இங்கேயே பாக்கியரத்தினம் ஐயாட்ட. மூண்டையும் விசாரிச்சுக்கொண்டிருக்கிறன். நம்மளுக்கு எது கட்டுப்படியாகும் எண்டு நீங்கதான் சொல்லோணும்.

துஆ செய்யுங்க.

அன்புத் தம்பி,
றஊப்


கிண்ணியா,
03.02.1967

அன்புத் தம்பி றஊபுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நாங்க அல்லாஹ்ட காவலில இருக்கிறம். மச்சானுக்கு முதுகு நோவில்லை, மூட்டை தூக்கச் சொன்னா மட்டும் நோ வரும். பெருநாளைக்கு உன்ட பங்கு வட்டிலப்பத்தை மூண்டு நாள் மூடி வச்சிருந்து, கடைசியில மச்சானுக்குக் குடுத்தன். எனக்கு எப்படி இருந்திருக்கும் எண்டு யோசி.

பிளேன் வாத்தியார் வேலை! எனக்கு ஆச்சரியமில்லை. உம்மா மௌத்தானதுக்குப் பிறகு உன்னைத் தூக்கி வளத்தவள் நான். வாப்பாட வள்ளத்தில முட்டையும் மீனும் ஏத்திக்கொண்டு சீனன்குடாவுக்குப் போவமே, ஞாபகமா? வெள்ளைக்காரன்ட விமானப்படைக் காம்புக் குசினிக்குப் பின்னால வாப்பா கணக்குப் பாத்துக்கொண்டிருப்பார். நீ கம்பி வேலியில மூக்கைக் குத்திக்கொண்டு நிப்பாய். பிளேன் கிளம்பினா மத்தப் பிள்ளைகள் காதைப் பொத்தும், நீ வாயைத் திறப்பாய். ஈ போகப்போகுது எண்டு நான்தான் உன்ட வாயை மூடிவிடுறது. அந்தப் பெற்றோல் மணம் இப்பவும் சில நேரம் காத்தில வரும். வந்தா உன்ட நினைவுதான்.

சரி, வழி கேட்டிருக்கிறாய். வள்ளம் வாங்கப் போறவன் விலையையா முதல்ல கேக்கிறான்? சுண்டங்காய் கால் பணம், சுமைகூலி முக்காப் பணம். மூண்டு இடத்துக்கும் எழுதி இதுகளைக் கேள். ஒரு பிளேனுக்கு எத்தனை பேர் காத்துக்கொண்டு நிக்கிறாங்க? பிளேன் பழுதாகிக் கிடந்தா, மழை பிடிச்சா, அந்த நாளையில உன்ட சோத்துக்கும் படுக்கைக்கும் ஆர் பொறுப்பு? பரீட்சைக்கு எடுக்கிற பிளேனுக்கு வாடகை வேறயா? பெயிலாகினா முதல்ல இருந்தா, விட்ட இடத்தில இருந்தா? அந்தச் சேட்டிபிக்கட்டை நம்மட நாட்டில ஏற்பாங்களா? பாஸ் பண்ணினவன்ட பேரை எல்லாரும் தருவாங்க. பெயிலான ஒருத்தன்ட விலாசத்தை வாங்கி அவனிட்டக் கேள், அவன்தான் உண்மை சொல்லுவான்.

இன்னொண்டு. அடுத்த வருசம் ஜூனுக்குள்ள இது சரிவராட்டி, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்ட வந்து சேர். மச்சான்ட அரிசிக்கடைக்கு நம்பிக்கையான ஆள் வேணும். ஒரே தம்பியைக் கொழும்புப் பக்கம் விட்டுட்டு நான் இங்க வாசலைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.

தலைக்கு நல்லெண்ணெய் வை. ஹோட்டல் சாப்பாடு வேணாம்.

உன் ராத்தா,
சித்தி பரீதா


இரத்மலானை,
26.02.1967

அன்புள்ள ராத்தா,

ஸலாம். சுகமா இருக்கிறன், நல்லெண்ணெயும் வைக்கிறன். மச்சானுக்கும் றம்லாவுக்கும் என்ட ஸலாம்.

நீங்க எழுதின கேள்விகளை அப்படியே இங்கிலீசில போட்டு அனுப்பினன். செயலாளர் வாசிச்சுப் பாத்திட்டு, "இதை எழுதின ஆளைக் கழகத்துக் கணக்காளரா எடுக்கலாமே" எண்டார். எங்கட ராத்தா எண்டு சொல்லேல்ல, சொன்னா நாளைக்கே வந்து நிப்பீங்க.

இங்கிலாந்தை விடுங்க. நம்மட ரெண்டு வள்ளத்தையும் வித்தாலும் போதாது. வித்தாலும் அந்தக் காசை வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி கிடைக்கிறது கஷ்டம்.

மதராசில கட்டணம் குறைவு. நம்மட நாட்டிலயும் ஏற்பாங்க, விசாரிச்சிட்டன். பெயிலாகினா பத்து மணித்தியாலம் மட்டும் திரும்பப் பறந்தாப் போதும். ஆனா ஒரு பிளேனுக்கு எத்தனை பேர் எண்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. "போதிய வசதி உண்டு" எண்டு எழுதியிருக்கிறாங்க.

இங்க பாக்கியரத்தினம் ஐயா ஒரு நேரத்துக்கு ஒரு ஆளைத்தான் எடுப்பார். நம்மட மாவட்டத்து இறக்கக்கண்டி மனுசன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, காற்சட்டை மாத்திப் பிளேனில ஏறுவார். எனக்குப் பழக்கினது வேற ஆள். அவரோட பறந்தவங்க சொல்லுறாங்க, மனுசன் வாயே திறக்கமாட்டாராம், கையையும் காட்டமாட்டாராம், நாம பிழை விடுறதைப் பாத்துக்கொண்டே இருப்பாராம். இறங்கினதுக்குப் பிறகு ஒரு வெறுந்தேத்தண்ணி வாங்கித் தந்து, "என்ன நடந்தது, சொல்லும் பாப்பம்" எண்டு கேப்பாராம். அவரிட்டப் பழகினவன் ஒருத்தனும் பிறகு தடுமாறினதாக் கேள்விப்படேல்ல. கழகத்தில பயிற்சிக் காசைப் பிறகு சம்பளத்தில கழிப்பாங்க, ரெண்டு வருசம் அரைச் சம்பளம். அந்த ரெண்டு வருசமும் வேற இடம் போக ஏலாது.

எனக்கு ரெண்டும் ஒண்டுதான் ராத்தா. நீங்க சொல்லுறபடி செய்யிறன்.

அன்புடன்,
றஊப்


கிண்ணியா,
15.03.1967

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். வீட்டில எல்லாரும் நல்லம். றம்லாவுக்கு முன்பல்லு விழுந்திட்டுது, சிரிச்சா ஊரே சிரிக்குது.

ரெண்டு வருசம் அரைச் சம்பளமா? அது வேலையா, அடிமை முறியா? வாய் திறக்காத வாத்தியார் எதுக்கு? சும்மா இருக்கிற மனுசனுக்கு நாம ஏன் காசு குடுக்கோணும்? பிழை விடேக்குள்ள பிடிச்சுத் திருத்தாதவன் என்ன வாத்தியார்!

மதராசுக்குப் போ. நான் எல்லாம் பாத்திட்டன். மச்சான்ட சாச்சா மகன் கலீலுர் றஹ்மான் மண்ணடியில கயிற்றுக்கடை வச்சிருக்கிறாரெல்லோ? அவருக்குப் போன கிழமையே எழுதிப் பதிலும் வந்திட்டுது. மேல்மாடி அறை சும்மா கிடக்காம். சாப்பாடு அவங்கட வீட்டில. அப்ப உனக்குப் படுக்கச் செலவில்லை, தின்னச் செலவில்லை. இதைக் கழிச்சுப் பாத்தா மதராசுதான் மலிவு. பிறகு ரெண்டு வருசம் ஒருத்தனுக்கும் கட்டுப்பட்டுக் கிடக்கவும் தேவையில்லை, விரும்பினா வீட்ட வரலாம்.

தலைமன்னாருக்கு ரெயிலில போகேக்குள்ள யன்னல் பக்கம் இருக்காதே, கரி கண்ணுக்குள்ள விழும். கப்பலில வெறும் வயித்தோட ஏறாதே. கலீலுர் றஹ்மானுக்கு ஒரு போத்தல் தேனும் கருவாடும் கட்டி வைக்கிறன், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வந்து எடுத்துக்கொண்டு போ. சாரம் நாலு, சேட்டு ஆறு. எண்ணிப் பார், மதராசில வண்ணான் மாத்திப்போடுவான்.

ஒண்டையும் யோசிக்காதே. நான் யோசிச்சிட்டன்.

உன் ராத்தா


மண்ணடி, மதராஸ்,
11.06.1967

அன்புள்ள ராத்தா,

ஸலாம். கடல் தாண்டி வந்தும் ஆள் அப்படியேதான் இருக்கிறன், உடம்புக்கு ஒண்டுமில்லை. இங்க வெயில் மண்டையைப் பிளக்குது. கலீலுர் றஹ்மான் காக்கா வீட்டில என்னை ராசா மாதிரிக் கவனிக்கிறாங்க. தேனைப் பாத்தவுடன கிண்ணியாக் கதை தொடங்கினவர், இன்னும் முடிக்கேல்ல.

பிளேன் ஒண்டு, பிள்ளைகள் பதினொரு பேர். கிழமைக்கு ரெண்டு முறை கிடைச்சாப் பெரிய காரியம். நாலு மாதம் எண்டது ஆறு மாதம் ஆகும் போல. பரவாயில்லை, படுக்கச் செலவில்லைதானே.

பயிற்றுநர் எண்டா வலப்பக்கக் கதிரையில இருக்கோணும். பழகுற பிள்ளைக்கு இடப்பக்கம். இவ்வளவு நாளும் நான் இடப்பக்கம் இருந்து ஓட்டினவன், இப்ப கை ரெண்டும் மாறிப்போச்சு. இடக்கை செய்ததை வலக்கை செய்யோணும். வலக்கையால சாப்பிட்டவனை இடக்கையால சாப்பிடச் சொன்ன மாதிரி.

ஒரு பகிடி சொல்லவா? இதை உங்களுக்கு நான் ஒருநாளும் சொல்லேல்ல. முதன்முதல்ல இரத்மலானையில பிளேனை நிலத்தில உருட்டப் பழக்கினாங்க. காலால மிதிச்சுத்தான் திருப்புறது. வலக்கால் மிதிச்சா வலப்பக்கம் திரும்பும். எனக்கு எது பழக்கம்? வள்ளத்துச் சுக்கான். அதை வலப்பக்கம் தள்ளினா வள்ளம் இடப்பக்கம் போகும். நான் வாப்பாட மகனாச்சே, கிண்ணியாத்துறையில தள்ளின மாதிரியே மிதிச்சன். பிளேன் நேரா வாய்க்காலுக்குள்ள போய் நிண்டுது. கொழும்புப் பெடியன்கள் ஒருத்தனும் அந்தப் பிழை விடமாட்டான். "உமக்கு எந்த ஊர்?" எண்டு கேட்டாங்க.

சில பின்னேரம் மேல்மாடியில நிண்டு துறைமுகத்துக் கப்பல் விளக்கைப் பாப்பன். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கு மேல சூரியன் விழுறது நினைவு வரும். வாப்பா உயிரோட இருந்திருந்தா இந்தப் பிளேனை ஒருக்காத் தொட்டுப் பாத்திருப்பார்.

உங்கட றஊப்


கிண்ணியா,
02.08.1967

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். எங்களுக்கு நோய் நொடி இல்லை. மழை மட்டும் இல்லை, கிணறு அடிமட்டத்தில.

வாய்க்காலுக்குள்ள விட்ட கதையை வாசிச்சு மச்சான் சிரிச்ச சிரிப்பில கடைக்கு வந்த சனம் பயந்திட்டுது. நான் சிரிக்கேல்ல. பக்கத்தில ஒருத்தன் இருந்தானே, அவன் என்ன செய்துகொண்டிருந்தான்? நீ மிதிக்கேக்குள்ளயே அவன் பிடிச்சிருக்க வேணாமா? நீ வாத்தியாரானா அப்படி இராதே. பிள்ளை பிழை விடமுந்தியே பிடிச்சிடு. நெருப்புச் சுடும் எண்டு காட்ட ஆராவது பிள்ளைட கையைப் பிடிச்சு நெருப்பில வைப்பாங்களா?

பதினொரு பேருக்கு ஒரு பிளேன் எண்டு எழுதியிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு அவங்கள் பதில் சொல்லாததை நான் அப்பவே கவனிச்சிருக்கோணும். வாசிச்ச நாள் தொடக்கம் மனசு சரியில்லை. ஆனா நீ அங்க போயிட்டாய், இனி திரும்பிப் பாக்க வேணாம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரியவருக்கு நான் ஒரு கடிதம் எழுதவா? தமிழ் தெரிஞ்ச ஆள்தானே?

புதுச் சாரம் ரெண்டு அனுப்புறன். மண்ணடியில ஐஸ் பழம் வாங்கித் தின்னாதே, தொண்டை கட்டும்.

ராத்தா


கிண்ணியா,
30.10.1967

தம்பி,

ஸலாம். உன்ட சுகத்தை அறியாம என்ட சுகத்தை எழுத எனக்கு மனமில்லை.

மூண்டு மாதத்தில ஒரு தபாலட்டைதான் வந்திருக்கு. "சுகம், பரீட்சை கிட்டுது, பிறகு எழுதுறன்." அவ்வளவுதான். கலீலுர் றஹ்மான் எழுதியிருக்கிறார், நீ சாப்பாட்டை அளைஞ்சு போட்டு எழும்புறியாம், பின்னேரங்களில கடற்கரைக்குப் போய் இருக்கிறியாம். முந்தியெல்லாம் ஒரு கடிதத்தில நாலு முறை பிளேன் வரும். அந்த அட்டையில ஒண்டையும் காணேல்ல.

பரீட்சை எப்ப? முடிஞ்சுதா? நான் பெரியவருக்கு எழுதட்டா? என்ன எண்டாலும் சொல்லு மனே. உன்னை அடிக்கவா போறன்?

ராத்தா


மண்ணடி, மதராஸ்,
19.11.1967

அன்புள்ள ராத்தா,

ஸலாம். உடம்பு சுகம். பெரியவருக்கு எழுத வேணாம்.

செப்டம்பர் கடைசியில பரீட்சை நடந்தது. பெயில்.

எழுதிட்டன். இப்ப மூச்சு வருது.

பறப்பில ஒரு குறையுமில்லை எண்டார் பரீட்சகர். வலக்கையும் நல்லாப் பழகிட்டுது. பரீட்சையில அவர்தான் பழகுற பிள்ளை மாதிரி இடப்பக்கம் இருப்பார், வேணுமெண்டே பிழை விடுவார். நான் முதல்ல வாயால சொல்லோணும், பிறகு பொறுக்கோணும், பிள்ளை திருத்துதா எண்டு பாக்கோணும், உயிருக்கு மோசம் எண்டா மட்டும்தான் கையை வைக்கலாம். நான் வாய் திறக்கமுந்தியே கை வச்சிட்டன். இறங்கேக்குள்ள மூக்கைக் கொஞ்சம் கூடத் தூக்கினார், பிடிச்சிட்டன். திரும்பேக்குள்ள சாய்ஞ்சார், பிடிச்சிட்டன். மூண்டாம் முறை அவர் ஒரு பிழையும் விடேல்ல. விடப்போறார் எண்டு நினைச்சே பிடிச்சிட்டன்.

கீழ இறங்கி, "நீ நல்ல விமானி. ஆனா உன்னோட ஏறுற பிள்ளை ஆயுளுக்கும் தனியா இறங்காது" எண்டார். "உனக்கு இப்படி ஆர் பழக்கினது?" எண்டும் கேட்டார். ஒருத்தருமில்லை எண்டு சொன்னன்.

நேத்து மெரினாவில இருந்து நம்மட வள்ளத்தை நினைச்சன். எனக்கு ஏழு வயசு, உங்களுக்குப் பன்னிரண்டு. வாப்பா பாயைப் பாத்துக்கொண்டு முன்னால, நான் சுக்கானில. என்ட கைக்கு மேல எப்பவும் உங்கட கை. நம்மட துறையில இருந்து சீனன்குடாப் பக்கத்து வெள்ளைமணல் வரைக்கும் அந்தக் கை எடுபடாது. உங்கட கைச்சூடு இப்பவும் என்ட புறங்கையில இருக்கிற மாதிரி. அலை அடிச்சாலும் எனக்குப் பயமே வராது. எவ்வளவு நல்ல காலம் ராத்தா அது! பிறகு நீங்க பெரியபிள்ளையாகி வீட்டோட நிண்ட முதல் நாள், வாப்பா என்னைத் தனியாச் சுக்கான் பிடிக்கச் சொன்னார். நான் அழுதிட்டன். உங்களுக்குத் தெரியாது.

இப்ப எனக்கு மூண்டு வழி. பத்து மணித்தியாலம் திரும்பப் பறந்து மாசியில இங்க பரீட்சை எழுதலாம், பாதிக் காசு ஏற்கனவே கட்டியாச்சு. இல்லாட்டி இரத்மலானைக்குப் போய்ப் பாக்கியரத்தினம் ஐயாட்ட முதல்ல இருந்து தொடங்கலாம், ஜூனுக்குள்ள முடியுமோ தெரியாது. இல்லாட்டி நீங்க முந்திச் சொன்னபடி வீட்ட வந்து கடையில நிக்கலாம். என்ட புத்தி வேலை செய்யுதில்லை. நீங்க எதைச் சொல்லுறீங்களோ அதைச் செய்வன், அல்லாஹ் மேல ஆணை. மார்கழி முடியமுந்தி இங்க பதில் சொல்லோணும்.

றஊப்


மண்ணடி, மதராஸ்,
12.12.1967

அன்புள்ள ராத்தா,

ஸலாம். நோன்பு எப்படிப் போகுது? நான் ஒண்டும் விடேல்ல. காக்கா வீட்டுக் கஞ்சி நல்லம், ஆனா உங்கட கைப்பதம் இல்லை.

என்ட கடிதம் கிடைக்கேல்லயா? இல்லாட்டி கோவமா? ஏசியாவது எழுதுங்க. மதராசா, இரத்மலானையா, வீடா? ஒரு சொல் எழுதினாப் போதும். தந்தியெண்டாலும் அடியுங்க.

றஊப்


கிண்ணியா,
22.12.1967

மச்சான் றஊபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை, பிழையிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.

உங்கட கடிதம் ரெண்டும் கிடைச்சுது. ராத்தா சுகமா இருக்கிறா. நோன்பு பிடிக்கிறா, சமைக்கிறா, என்னை ஏசுறா. ஏன் எழுதுறா இல்லை எண்டு என்னட்டக் கேக்க வேணாம். நான் கலியாணம் முடிச்ச மனுசன். நீங்க பயப்படாதீங்க, கோவமில்லை எண்டது மட்டும் எனக்குத் தெரியும்.

உங்கட மச்சான்,
அபூதாஹிர்


இரத்மலானை,
08.01.1968

அன்புள்ள ராத்தா,

ஸலாம். பெருநாள் வாழ்த்து. நல்லா இருக்கிறன்.

உங்கட பதிலைப் பாத்துப் பாத்து மார்கழி முடிஞ்சிட்டுது. கடைசி நாள் ராமேஸ்வரம் ரெயில் டிக்கட்டை எடுத்துக்கொண்டு வந்திட்டன். இரத்மலானை. பாக்கியரத்தினம் ஐயா. அரைச் சம்பளத்துக்கு ஒப்பம் வச்சாச்சு. பழைய பிளேன் கொட்டிலுக்குப் பக்கத்தில ஒரு அறை, வாடகையில்லை, எலி மட்டும் இருக்கு. காலையில பறப்பு, பிறகு கந்தோர்.

ஆரும் சொல்லாம நானே ஒண்டை முடிவெடுத்தது இதுதான் முதல் முறை. சரியோ பிழையோ தெரியேல்ல. ரெயிலில நித்திரையே வரேல்ல. உங்களோட எனக்குக் கோவம் ராத்தா. எழுதிப்போட்டன், பொறுத்துக்கொள்ளுங்க.

றஊப்


இரத்மலானை,
25.05.1968

என்ட ராத்தாவுக்கு,

ஸலாம், ஸலாம், ஆயிரம் ஸலாம். பாஸ்!

நேத்துத்தான் பரீட்சை. அதே மாதிரி, பரீட்சகர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். இறங்கேக்குள்ள மூக்கைத் தூக்கினார். "மூக்கைப் பாருங்க" எண்டன். கேக்கேல்ல. "வேகம் குறையுது, கொஞ்சம் இறக்குங்க" எண்டன். கேக்கேல்ல. ராத்தா, என்ட கை ரெண்டும் துடையில கிடந்து துடிச்சுது. ஓடுபாதை மேல வருது. மூண்டாம் முறை சத்தம் போடாம அதையே சொன்னன். மனுசன் மெல்ல இறக்கினார். சக்கரம் தொட்டுது. நான் ஒண்டையும் தொடேல்ல.

பாக்கியரத்தினம் ஐயா இந்த அஞ்சு மாதமும் எனக்குப் பழக்கினது இந்த ஒண்டைத்தான். என்னைக் கதிரையில இருத்தி, கையை ரெண்டு துடைக்கும் கீழ வைக்கச் சொல்லுவார். புதுப் பிள்ளை ஒண்டை ஓட்ட விடுவார். முதல் மாதம் நான் இறங்கேக்குள்ள சேட்டைப் பிழிஞ்சா தண்ணி வரும். பறக்கிறதைவிடச் சும்மா இருக்கிறது கஷ்டம் எண்டு ஆர் நம்புவாங்க?

ஜூலை முதலாம் திகதி தொடக்கம் வலப்பக்கக் கதிரை எனக்கு. ஆனா ஏழு மாதமா உங்கட கையெழுத்தைக் காணேல்ல. ஊரில இருந்து ஆரைக் கண்டாலும், ராத்தாவைக் கண்டியா எண்டுதான் கேக்கிறன். நான் என்ன குத்தம் செய்தனான்? இப்பவாவது எழுதுங்க.

உங்கட தம்பி,
றஊப்


கிண்ணியா,
06.06.1968

என்ட தங்கத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்க எல்லாருக்கும் சுகம், எனக்கு அதைவிடக் கூடச் சுகம். உன்ட கடிதத்தை மச்சான் கடையில இருந்தே உடைச்சு வாசிச்சு, வேலியால "பாஸ்" எண்டு கத்தினார். நான் குசினியில நிலத்தில இருந்து அழுதன். மீன் கருகிப்போச்சு. அதைத்தான் எல்லாரும் திண்டம்.

நீ ஒரு குத்தமும் செய்யேல்ல. சொல்லுறன், கேள்.

நீ பெயிலான கடிதம் நோன்புக்கு முந்தின கிழமை வந்தது. வள்ளத்தைப் பத்தி நீ அன்பாத்தான் எழுதியிருந்தாய். எனக்கு அதை வாசிக்க வாசிக்க நெஞ்சு எரிஞ்சுது. பரீட்சகர் கேட்ட கேள்விக்கு ஒருத்தருமில்லை எண்டு சொன்ன நீ, அடுத்த வரியில என்ட கையைப் பத்தி எழுதியிருக்கிறாய். நான் அந்தக் கையை இவ்வளவு காலமும் பெருமையாத்தானே நினைச்சுக்கொண்டிருந்தன்.

உடன பதில் எழுதப் பேனையை எடுத்தன். பிறகு மூடி மச்சானிட்டக் குடுத்து, "நான் அழுதாலும் இதைத் தராதீங்க" எண்டன். மனுசன் வெருண்டுபோய் அதை அலுமாரிக்கு மேல வச்சார். கதிரையைப் போட்டா எனக்கு எட்டும் எண்டு அவருக்கும் தெரியும். ரெண்டு தரம் கதிரையைப் போட்டும் பாத்தன். நோன்பு பிடிக்கிறது லேசு தம்பி, இது ஏலாத வேலை. உன்ட கோவக் கடிதம் வந்த அண்டைக்கு நான் சோறு தின்னேல்ல. அதுக்குப் பிறகும், நீ பாஸ் பண்ணுமட்டும் பேனையைத் தொடேல்ல.

மதராசா, இரத்மலானையா எண்டு யோசிச்சுத்தான் எழுதாம விட்டன் எண்டு நினைக்காதே. எனக்கு யோசனையே வரேல்ல. கடிதத்தை வாசிச்சு முடிக்கமுந்தியே என்னட்டப் பதில் இருந்தது. வீட்ட வா எண்டு எழுதியிருப்பன்.

நீ ஆணையிட்டிருந்தாய், வந்திருப்பாய். இந்நேரம் கடையில மச்சானுக்குப் பக்கத்தில நிண்டு அரிசி அளந்துகொண்டிருப்பாய். நான் பகலைக்கு உனக்குச் சோறு கட்டி அனுப்பியிருப்பன். எனக்குச் சந்தோசமா இருந்திருக்கும்.

உன் ராத்தா,
சித்தி பரீதா